போணிக்கு ஆகாத கை

என் புருஷன் ஸ்டாம்பு வெண்டர். தல்லாகுளம் பக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ் தாழ்வாரத்தில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பத்திரம் எழுத வருகிறவர்களுக்குச் சர்க்கார் முத்திரைத்தாள் விற்பார். தாளின் பின்னால் வாங்குகிறவன் பேர், ஊர், தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குக் கலெக்டர் ஆபீஸ் லைசென்சு வேண்டும். அது இல்லாமல் ஒரு தாள் விற்றாலும் குற்றம்.

அவர் காய்ச்சலில் செத்தார். காரியம் முடிந்த மறுநாளே அவருடைய தம்பி, என் கொழுந்தன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தாள் விற்கவில்லை. விற்க முடியாது. இடம் பிடித்து வைத்தார். லைசென்சைத் தன் பேருக்கு வாங்கிவிடலாம் என்று கணக்கு.

எங்கள் ஊர் காளவாசல் தாண்டி மேற்கே. நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் புருஷன் வீட்டிலேயே கிடக்கலாம் என்றார்கள். கிடப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விடியுமுன் சாணி அள்ள வேண்டும். எல்லோரும் தின்ற பிறகு பானையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன வேண்டும். நல்ல காரியத்துக்கு ஆள் வந்தால் மாட்டுக் கொட்டத்துக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும். என் பெரிய மாமியார் ஒருத்தி அப்படித்தான் கிடந்து செத்தாள். அவளைத் தூக்கிய அன்றுகூட மாட்டுக்குத் தண்ணி காட்ட யாரும் இல்லை என்றுதான் பேசினார்கள்.

"லைசென்சு எனக்கு வேணும்" என்றேன்.

கொழுந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா மதினி?"

"எனக்கு எழுதத் தெரியும்."

"எழுதத் தெரிஞ்சாப் போதுமா? அங்கன உக்காந்திருக்கவன் அம்புட்டுப் பேரும் ஆம்பள."

"இருக்கட்டும்."

"நான் உசுரோட இருக்கவரைக்கும் நடக்காது."

"சரி" என்றேன்.

அன்றைக்கு எனக்குச் சோறு வைக்கவில்லை. பிள்ளைகளுக்கும் வைக்கவில்லை. மறுநாள் செல்லூருக்கு வந்துவிட்டேன். ஒரு தறிக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. அவர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தால் வாடகை இல்லை. பகலெல்லாம் தறிச் சத்தம். பேச வேண்டிய அவசியம் இருக்காது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு வரைக்கும் படித்தவள். என் அப்பா அவர்களுக்கு வண்டி ஓட்டினார். அதனால் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே கற்றது எழுத்து. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

லைசென்சுக்கு மனு எழுத வேண்டும். தாழ்வாரத்தில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் எனக்கு எழுதவில்லை. நானே எழுதினேன். மனுவில் ஒட்ட ஸ்டாம்பு வேண்டும். அதையும் வெண்டர்தான் விற்க வேண்டும். என் புருஷன் இடத்துக்கு எதிரில் இன்னொரு வெண்டர் இருந்தார். எதிர்ப் பெட்டிக்காரர் என்றே சொல்வோம். தடித்த ஆள். பத்து வருஷமாக என் புருஷனோடு ஒரு சொம்பில் தண்ணி குடித்தவர்.

"ஒரு மனு ஸ்டாம்பு குடுங்க" என்றேன்.

"போணி ஆகலை" என்றார்.

"நானே போணி பண்றேன்."

"ஏம்மா, போணி நேரத்துல வழக்கு, வம்பு, மனு இதுக்கெல்லாம் நான் ஸ்டாம்பு கிழிக்கிறதில்ல. கிழிச்சா அன்னைக்குப் பொழுதும் வெளங்காது. எம்புட்டுப் பெரிய மனுசன் வந்தாலும் இதுதான். நீ வேற மூளியா வந்து நிக்கிற."

கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனு எழுதுகிறவர்களில் ஒருத்தர் சிரித்தார்.

வெயிலில் ஆற்றைத் தாண்டிப் போய் டவுனுக்குள் ஒரு வெண்டரிடம் அந்த ஸ்டாம்பை வாங்கினேன். அவருக்கு என்னைத் தெரியாது. அதனால் கொடுத்தார்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீஸில் கூப்பிட்டார்கள். துணைக்கு என் அண்ணன் வந்தார். கொழுந்தன் ஒரு கூட்டத்தையே கூட்டிவந்திருந்தார். எதிர்ப் பெட்டிக்காரரும் வந்தார். தாசில்தார் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆட்சேபணை என்ன?"

எதிர்ப் பெட்டிக்காரர் முன்னால் வந்தார். "எசமான், வீடு வாங்குறவன், நெலம் வாங்குறவன் நல்ல நேரம் பாத்து வாரான். தாளுக்கு நாலு மூலையிலயும் மஞ்ச தடவிக் குடுக்கிறோம். இவ கையில எவன் வாங்குவான்? ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். நட்டம் சர்க்காருக்கு."

தாசில்தார் எழுதிக்கொண்டார். என்னைக் கேட்டார்.

"இதுக்கு முன்னால லைசென்சு யார் பேர்ல இருந்தது?"

நான் வாய் திறக்குமுன் கொழுந்தன் பேசினார். அவர் இதற்காகவே காத்திருந்தார்.

"சொல்ல மாட்டா எசமான். எங்க சனத்துல பொம்பள புருசன் பேரச் சொல்லப்படாது. சாமி கும்புடப் போனாக்கூட அர்ச்சனைக்குப் புள்ளைகதான் சொல்லும். எங்க அண்ணன் பேரு உள்ளவன் இந்தத் தாலுகாவுல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். அவன் வந்து தாளு கேட்டா இவ என்னன்னு எழுதுவா? எங்க வீட்டுக்காரருன்னு எழுதுவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். டவாலி போட்ட சேவகனும் சிரித்தான். தாசில்தாருக்கும் உதடு கோணியது.

நல்ல வாதம்தான். யோசித்துத்தான் வந்திருந்தார். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை. அதே பேருள்ள பக்கத்து வீட்டுப் பையனைக்கூட 'ஏ தம்பி' என்றுதான் கூப்பிடுவேன்.

சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். பிறகு பேனாவை எடுத்து அங்கே கிடந்த காகிதத்தில் தகப்பன் பேரோடு சேர்த்து எழுதினேன்.

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவர் வாசல் பக்கம் போய்க் காறித் துப்பினார். திரும்பிப் பார்த்தேன். என் அண்ணன் எழுந்து போய்க்கொண்டிருந்தார். தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தங்கச்சி செத்தாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கடைசியில் அவர்தான் முந்திக்கொண்டார். நான் போனேன். ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

அந்தப் பேரை இங்கே எழுதவில்லை. அன்றைக்குத் தேவைப்பட்டது, சொன்னேன். இன்றைக்குத் தேவை இல்லை.

மழை முடிந்து லைசென்சு வந்தது. பேர் எழுதிய பலகை ஒன்று மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினேன். மறுநாள் அதில் சாணி அப்பியிருந்தது. கழுவினேன். இன்னொரு நாள் தார் பூசியிருந்தது. தார் கழுவினால் போகாது. வேறு பலகை செய்து, சாயங்காலம் கழற்றிக் காலையில் மாட்டினேன்.

என் புருஷன் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில், மேற்கு வெயில் அடிக்கிற, மழை பெய்தால் ஒழுகுகிற மூலையைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். கொழுந்தன் ஊருக்குப் போகவில்லை. எதிர்ப் பெட்டிக்காரருக்கு எடுபிடியாகச் சேர்ந்துகொண்டார். ஆள் பிடித்துக்கொண்டு வருவதும், நான் எப்போது எழுந்து போவேன் என்று பார்ப்பதும்தான் அவர் வேலை. என் லைசென்சு போனால் அவருக்கு என்று எதிர்ப் பெட்டிக்காரர் சொல்லிவைத்திருந்தார்.

முதல் நாட்களில் ஒருத்தரும் வாங்கவில்லை.

"கிரயமா? இங்கிட்டு வாங்கண்ணே. மஞ்ச தடவித் தாரேன். அந்த மூலைக்குப் போயிராதீங்க" என்று கொழுந்தன் வாசலிலேயே கத்துவார்.

வண்டிக்காரர்கள், மனு எழுதுகிறவர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் நான் வேடிக்கை. பேசாமல் உட்கார்ந்திருப்பேன். பேசினால் அவர்களுக்குப் பொழுது போகும்.

ஒரு நாள் காலையில் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வந்தார். மகளைப் புருஷன் வீட்டிலிருந்து தீர்த்துவிட்டார்கள். தீர்த்துவிடும் சீட்டு எழுத வேண்டும். எதிர்ப் பெட்டிக்காரரிடம் தாள் கேட்டார்.

"தீத்துவிடுற சீட்டா? எனக்கு இன்னும் போணி ஆகலையே. அந்தா மூலையில இருக்கா பாரு, அங்கிட்டுப் போ. இதுக்குன்னே ஒருத்தியச் சர்க்கார் உக்கார வச்சிருக்கு."

தாழ்வாரமே சிரித்தது. அந்தச் சம்சாரி தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் வந்தார். பேர் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அதுதான் என் முதல் போணி.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. கெட்ட தாளெல்லாம் என் பக்கம். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு பாகம் பிரித்தால் என்னிடம் அனுப்புவார்கள். விடுதலைப் பத்திரம், வழக்கு, வம்பு எல்லாம் மூலைக்கு. கிரயமும் கல்யாணச் சீர் எழுதுவதும் எதிர்ப் பெட்டிக்கு. ஒவ்வொரு ஆளை அனுப்பும்போதும் ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புவார்கள். வருகிற ஆளும் தாளை என் கையிலிருந்து வாங்கமாட்டான். பலகை மேல் வைக்க வேண்டும். இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போவான்.

தாள் தாள்தான். கமிஷன் ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டு வேளை தின்றார்கள்.

பிறகு நெல் விலை விழுந்தது. மேற்கே ஒரு சம்சாரி பாக்கியில்லாமல் நிலத்தை ஒத்தி வைக்கவும் அடமானம் எழுதவும் வந்தார்கள். அடமானம் என்பது எழுதிக் கொடுக்கிறவனுக்குக் கெட்ட காரியம், வாங்குகிற வட்டிக்காரருக்கு நல்ல காரியம். அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அவர்களுக்கே தகராறு. எதிர்ப் பெட்டிக்காரர் அதை விட மனமில்லாமல் தானே விற்றார்.

ஒரு வயசாளி அவர் முன்னால் நின்று யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இங்கன வாங்குங்க. அவ கையில வாங்குனா வெளங்காது" என்றார் கொழுந்தன்.

"எது வெளங்காது?"

"அந்தத் தாள்ல எழுதுனது."

"எழுதப் போறது கடன்தானப்பா. அது வெளங்கவா வேணும்? வெளங்காமப் போகட்டும்னுதான் அங்கிட்டுப் போறேன்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். அடமானம் எழுத வருகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே கேட்டார்கள். "போணிக்கு ஆகாத பொம்பள ஒருத்தி தாளு விப்பாளாமே, யாரு?" என்னிடமே கேட்டார்கள். "நான்தான்" என்பேன். சிலர், "ஒரு வார்த்த சொல்லிக் குடு ஆத்தா. அந்த வட்டிக்காரன் குடும்பம் வெளங்கக் கூடாது" என்பார்கள். "தாள் மட்டுந்தான் விக்கிறேன்" என்பேன். அதற்கும் கோபப்படுவார்கள்.

எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. என் கை அழுகிய கை என்று நம்பித்தான் வந்தார்கள். நம்பியதும் பலிக்கவில்லை. நான் பார்த்தவரைக்கும் ஒரு கடனும் அழியவில்லை. நிலம்தான் போனது. அடுத்த வருஷம் அதே ஆள் கிரயம் எழுதிக் கொடுக்க வருவான். அந்தத் தாளை வட்டிக்காரர் எதிர்ப் பெட்டியில் மஞ்சள் தடவி வாங்குவார். விற்கிறவன் என் மூலையைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான்.

ஆனாலும் வட்டிக்காரர்களுக்குக் கோபம். என் கையெழுத்துள்ள தாள் என்றால் அவர்களில் சிலருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையாம். எதிர்ப் பெட்டிக்காரருக்கு வியாபாரம் குறைந்தது. கொழுந்தனுக்கு எப்போதும் இருந்த கோபம். எல்லோரும் சேர்ந்து என் லைசென்சை ரத்துசெய்ய மனு எழுதினார்கள். கொழுந்தன் பேரில் எழுதினார்கள், மற்றவர்கள் கீழே கையெழுத்து.

எனக்குக் கேட்க வேண்டும் என்றே மனு எழுதுகிறவர் சத்தமாகப் படித்தார். நான் சர்க்கார் தாளில் செய்வினை வைக்கிறேனாம். என் கைப்பட்ட தாளில் எழுதிய எந்தக் காரியமும் விளங்குவதில்லையாம். ஜனங்கள் நம்பிக் கெடுகிறார்களாம். படித்து முடித்ததும், "ஸ்டாம்பு ஒட்டுனா முடிஞ்சுச்சு மாப்ள" என்றார்.

காலை நேரம். கொழுந்தன் எதிர்ப் பெட்டிக்குப் போனார்.

"அண்ணே, ஒரு மனு ஸ்டாம்பு."

எதிர்ப் பெட்டிக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குப் போணி ஆகலப்பா. போணி நேரத்துல மனுவுக்குக் கிழிக்க மாட்டேன்னு தெரியாதா? அந்த மூலையில வாங்கிக்க."

வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய வார்த்தை. சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். ஆனாலும் மாற்றவில்லை. அவருக்கு அவர் போணி பெரிசு.

கொழுந்தன் வாசலை எட்டிப் பார்த்தார். அன்றைக்கே மனுவைக் கொடுக்க வேண்டும் என்று வட்டிக்காரர் சொல்லியிருந்தார். வெளியே வண்டி நின்றது. என்னிடம் வந்தார்.

"ஒரு மனு ஸ்டாம்பு."

"பேரு?"

"தெரியாதா ஒனக்கு?"

"கேக்கணும்."

சொன்னார்.

"தகப்பன் பேரு?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஸ்டாம்பின் மேல் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பலகை மேல் வைத்தேன்.

"இது எதுக்குன்னு தெரியும்ல மதினி?"

"காது கேக்குது."

"தெரிஞ்சும் குடுக்குற?"

"கேட்டவுகளுக்குக் குடுக்கணும். லைசென்சுல எழுதியிருக்கு."

இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணை அன்று காலையில் மூத்த மகளிடம், லைசென்சு போனால் சாயங்காலமே சாமானைக் கட்டுகிற மாதிரி இருக்கும் என்றேன். "ஊருக்கா?" என்றாள். ஊரில் அந்தக் கொட்டம் அப்படியேதான் இருந்தது.

தாசில்தார் மாறியிருந்தார். புதியவர் முன்கோபி. பல்வலி வேறு. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே மனுவைப் படித்தார்.

"இந்தப் பொம்பளை கைப்பட்ட தாள்ல எழுதினது எதுவும் விளங்காதுன்னு எழுதியிருக்கு."

"ஆமா எசமான். ஊரே சொல்லுது" என்றார் கொழுந்தன்.

"ஊர் கிடக்கட்டும். நீ நம்புறியா?"

"சத்தியமா நம்புறேன். எங்க அண்ணனே இவ கையாலதான் போனாரு."

அதை அவர் முன்பு சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாசில்தார் மனுவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தால் ஸ்டாம்பைச் சுரண்டினார்.

"இந்த ஸ்டாம்புல இருக்கிறது யார் கையெழுத்து?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தார்.

"உன்னைத்தாம்ப்பா கேக்குறேன். யார்கிட்ட வாங்குன?"

"இவகிட்டத்தான். போணி நேரம் எசமான். எதிர்ப் பெட்டியில குடுக்க மாட்டாங்க" என்றார் கொழுந்தன்.

"நம்பலேன்னா உன் மனு பொய். நம்புனா உன் மனு விளங்காது. ரெண்டுல எது?"

கொழுந்தன் எதிர்ப் பெட்டிக்காரரைப் பார்த்தார். எதிர்ப் பெட்டிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். தாசில்தார் மனுவில் ஏதோ கிறுக்கி மூலையில் எறிந்தார். தள்ளுபடி. என் பக்கம் திரும்பினார்.

"நீயும் சந்தோசப்படாதே. இன்னொரு தடவை இந்தக் கூத்து எங்கிட்ட வந்தா தாழ்வாரத்தில ஒரு பெட்டி இருக்காது. போங்க எல்லாரும்."

வெளியே வந்தோம். வெயில். கொழுந்தன் பின்னாலேயே வந்தார். கண் சிவந்திருந்தது. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பினார்.

"ஒன் கை பட்டதுதான் காரணம். இல்லாட்டி செயிச்சிருப்பேன்."

"அடுத்த மனுவுக்கு எதிர்ப் பெட்டியில வாங்குங்க."

"காலையில அவரு குடுக்க மாட்டாரு."

"சாயங்காலம் வாங்குங்க" என்றேன்.

கீழே குனிந்து மண்ணை அள்ளித் தூற்றினார். காற்று அவர் பக்கம் அடித்தது. நான் செல்லூர் வரைக்கும் நடந்தே போனேன். மகள் சாமானைக் கட்டி வைத்திருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன்.

மறுநாள் போய்ப் பலகையை மாட்டினேன். பெட்டியைத் திறந்தேன். கொழுந்தன் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். எதிர்ப் பெட்டிக்காரர் ஓர் ஆளிடம், "மனுவா? போணி ஆகல. அங்கிட்டுப் போ" என்று மூலையைக் காட்டினார்.

ஆள் வந்து நின்றான்.

"பேரு?" என்றேன்.

என் புருஷன் பேரைச் சொன்னான்.

எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்க வாய்விட்டு ஒரு தடவை படித்தேன்.

"ஊரு?" என்றேன்.